ஒரே ஆளா, ஒரே வருடமா? பழைய பேஸ்பால் கார்டு சேர்க்கப் போகிறவருக்கு

என்னிடம் ஒரு ஷூ டப்பா இருக்கிறது. பிட்ஸ்பர்க்குக்கு வந்த புதிதில் இரண்டு வருடம், கண்ணில் பட்ட பழைய பேஸ்பால் கார்டையெல்லாம், அதாவது ஆட்டக்காரர் படம் போட்டுச் சிகரெட்டோடும் சூயிங்கத்தோடும் வந்த சின்ன அட்டைகளையெல்லாம், வாங்கி அதில் போட்டு வைத்தேன். 1959இல் ஒன்று, 1971இல் நான்கு, மூலை கிழிந்த 1934 ஒன்று, யாரென்றே தெரியாத பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், ஒரு கட்டு. இருநூறுக்கு மேல் இருக்கும். எவ்வளவு செலவானது என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து யாருக்காவது காட்டினால் இரண்டே நிமிடத்தில் அவர்களுக்கும் அலுத்துவிடும், எனக்கும் அலுத்துவிடும். ஒன்றோடு ஒன்று ஒட்டாத கார்டுகள்.

போன வருடம் அலுவலகத்தில் சேர்ந்த மதுரைத் தம்பி ஒருவர் இதே கிணற்றில் இறங்கத் தயாராக நின்றார். "மாசம் நூறு டாலர் ஒதுக்கலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்கட்டும் அண்ணா?" என்று கேட்டார். சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவராம். அப்படியானால் பாதி வேலை முடிந்தது. ஆசையைப் பற்றிப் பேசவேண்டியதில்லை, வழியைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

நான் அவரிடம் சொன்னது இதுதான். எந்த வழியில் போனாலும் ஓரிடத்தில் சுவர் வந்து முட்டும். அதற்கு மேல் பணம் இல்லை, அல்லது பொருளே இல்லை. அந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் வருத்தம் இல்லை. நடுவழியில் தெரிந்தால் சேகரிப்பு மறுபடி ஷூ டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

பழைய கார்டு என்பதற்கு எல்லைக்கோடு ஒன்று வேண்டும் என்பதால் 1973ஐ வைத்துக்கொள்கிறேன். அதுவரை டாப்ஸ் என்ற சூயிங்கம் நிறுவனம் ஒரு வருடத்து கார்டுகளைத் தொடர் தொடராகப் பிரித்து, கோடை முழுக்கக் கடைக்கு அனுப்பியது. 1974 முதல் மொத்தச் செட்டையும், அதாவது அந்த வருடத்துக் கார்டுகள் எல்லாவற்றையும், ஒரேயடியாக வெளியிட்டது. 1981இல் ஃப்ளீரும் டான்ரஸும் போட்டிக்கு வந்தன. அப்புறம் எண்பதுகளில் அச்சடித்துத் தள்ளியதில் கார்டுக்கு மதிப்பே போய்விட்டது. உங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கர் பரணிலிருந்து எடுத்துத் தரும் பெட்டி அநேகமாக அந்தக் காலத்துச் சரக்காகத்தான் இருக்கும். அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

எல்லோருக்கும் முதலில் கண் போவது டி206 மேல். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்த கார்டுகள் இவை. நம் தீப்பெட்டியைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். முன்பக்கம் கல் அச்சில் அடித்த வண்ண ஓவியம், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். டி206 என்ற பெயரைக் கம்பெனி வைக்கவில்லை. ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் அமெரிக்காவின் கார்டுகளையெல்லாம் வகை பிரித்துப் பட்டியல் போட்டபோது, இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டுகளுக்கு டி என்ற எழுத்தைக் கொடுத்தார். மூட்டுவலியால் கை மடங்கிப்போன மனிதர். தம் சேகரிப்பு முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி முடித்து, 1963இல் இறந்தார். கார்டு சேர்ப்பவர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டென்றால் அவர்தான்.

டி206இல் மொத்தம் 524 கார்டுகள் என்பது வழக்கமான கணக்கு. அதில் ஹோனஸ் வாக்னர் கார்டுதான் உலகப் புகழ் பெற்றது. இந்த ஊர்க்காரர், பிட்ஸ்பர்க்கின் பைரேட்ஸ் அணியில் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர். மைதானத்துக்கு வெளியே இன்றும் சிலையாக நிற்கிறார். அவர் கார்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சிறுவர்கள் கையில் சிகரெட் போவது பிடிக்காமல் அவரே தடுத்தார் என்பார்கள் சிலர். படத்துக்குப் பணம் தராததால் மறுத்தார் என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும், இன்று இருப்பது அறுபதை ஒட்டிய எண்ணிக்கைதான். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இன்னும் மூன்று அபூர்வங்கள் உண்டு: எடி பிளாங்க், பெயரைத் தப்பாக அச்சடித்த மேகி, அணியைத் தப்பாகப் போட்ட ஜோ டாயில். இந்த நான்கையும் தள்ளிவிட்டு 520 சேர்ந்தாலே செட் முடிந்தது என்று சேகரிப்பாளர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சுவரைக் கண்டு சமாதானமாகப் போன கதை அது.

சரி, அந்த 520? மடிந்து, முனை உருண்டு போன சாதாரண வீரர் கார்டு ஒன்று ஐம்பது டாலர் அக்கம்பக்கத்தில் வரும். மாதம் ஒன்று வாங்கினால் நாற்பத்துமூன்று வருடம். நட்சத்திரங்களைச் சேர்த்தால் கணக்கே வேறு. டை காப் ஒருவருக்கே நான்கு கார்டுகள், ஒவ்வொன்றும் சம்பளக் கணக்கில். போதாததற்குப் பின்பக்கம் பதினாறு சிகரெட் பெயர்கள். பீட்மாண்ட், ஸ்வீட் கேப்பரல் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். மற்றவை தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்பக்கம் ஒன்றாகவே இருந்தாலும் பின்பக்கத்துக்காக மறுபடி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பித்துக்கு மருந்தில்லை.

டி206ஐ நேசிப்பவருக்கு என் ஆலோசனை, அதற்குள்ளேயே ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தெற்கத்திச் சிறு லீக் வீரர்கள் 48 பேர் தனியாக இருக்கிறார்கள். அல்லது ஒரே அணி. அல்லது முகம் மட்டும் தெரியும் ஓவியங்கள். மொத்தமாக முடிப்பேன் என்று கிளம்புவது ஓய்வுபெற்றவருக்கு அழகு; முப்பது வயதுத் தம்பிக்கு வேண்டாம்.

அடுத்தது வருடச் செட். இங்கேதான் பலர் தவறான வருடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனென்றால் 1952 டாப்ஸ் அவ்வளவு பிரபலம். சை பெர்கர் என்பவர் வடிவமைத்த 407 கார்டுகள். முதல் 310 பொறுமை இருந்தால் சேர்த்துவிடலாம். 311 முதல் 407 வரை உள்ள 97தான் சுவர். காரணம் எளியது. கடைசித் தொடர் கடைக்கு வந்தபோது சீசன் முடியும் நேரம். பிள்ளைகள் பள்ளிக்கும் ஃபுட்பாலுக்கும் போய்விட்டார்கள். விற்காமல் தங்கிய சரக்கை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாகப் பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த 97இல் முதல் கார்டு நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேண்டில். 2022இல் அதில் ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வேடிக்கை என்னவென்றால், அது மேண்டிலின் முதல் கார்டே கிடையாது. முதல் கார்டு 1951இல் போமன் கம்பெனி போட்டது. 1952 மேண்டிலை அச்சுத்தாளில் இரண்டு இடத்தில் வைத்து அடித்தார்கள் என்பதால், அதே தொடரிலுள்ள மற்ற பெரும்பாலான கார்டுகளைவிட அது அதிகமாகவே இருக்க வேண்டும். விலையைத் தூக்கி நிறுத்துவது கடலில் கொட்டிய கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதோடு 1956ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வருடத் தொடக்கத்தில் டாப்ஸ் தன் போட்டியாளரான போமனை விலைக்கு வாங்கிவிட்டது. அதனால் இரண்டு கம்பெனிக்கும் பிரிந்து கிடந்த வீரர்கள் ஒரே செட்டில் வந்தார்கள். நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான் மியூசியல் மட்டும் இல்லை. 340 கார்டுகள், எண் இல்லாத பட்டியல் கார்டுகள் இரண்டு. கார்டு படுக்கைவாட்டில், பெரிய முகம் ஒரு பக்கம், பின்னால் ஆடும் காட்சி. ஹேங்க் ஆரன் கார்டில் சறுக்கி ஓடிவருகிறாரே, அவர் ஆரன் இல்லை, வில்லி மேஸ். சீருடையை மட்டும் மாற்றி வரைந்துவிட்டார்கள்! பின்பக்கம் மூன்று கட்டத்தில் கேலிச்சித்திரம். முதல் எண் கார்டில் இருப்பது ஆட்டக்காரரே இல்லை, அமெரிக்கன் லீக் தலைவர் வில் ஹாரிட்ஜ். எந்தப் பையன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பான் என்று நினைத்துச் சிரிப்பேன்.

ஜாக்கி ராபின்சன் கடைசியாக ஆடிய சீசனின் கார்டு இதில் இருக்கிறது. டெட் வில்லியம்ஸ், மேண்டில், கிளெமென்டே, கோஃபாக்ஸ் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் பெரிய நட்சத்திரத்தின் ரூக்கி கார்டு, அதாவது முதல் கார்டு, இல்லை. சொல்லும்படியாக லூயிஸ் அபரிசியோ மட்டும். முதலீட்டுக்காரர்கள் கூட்டம் குறைவாக இருப்பது அதனால்தான். கடைசித் தொடரும் பயமுறுத்தாது. 181 முதல் 260 வரை உள்ளவைதான் கொஞ்சம் அரிது, அதுவும் தாங்கக்கூடிய அரிது. சாதாரண வீரர்களை மடிப்போடு வாங்கச் சம்மதித்தால் ஐந்து டாலர் போலத்தான் ஆகும். மேண்டில் நூற்றுக்கணக்கில் கேட்கும். அவருக்கு ஒரு வருடம் தனியாக உண்டியல் வைக்கலாம். வருடச் செட் என்றால் என் வோட்டு 1956க்குத்தான்.

1971ஐப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு விளிம்பு, பார்க்க அவ்வளவு அழகு. தொட்டால் உதிரும். உதிர்ந்த இடத்தைக் கறுப்பு மையால் தடவி விற்பவர்கள் ஏராளம், கார்டுகளோ 752. தூரத்திலிருந்து ரசியுங்கள்.

மூன்றாவது வழி, ஒரே ஆட்டக்காரர். நான் போன வழி இது. ஆள் ராபர்ட்டோ கிளெமென்டே. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க்குக்கு மட்டுமே ஆடியவர். சரியாக 3,000 ஹிட், அதாவது பந்தை அடித்து பேஸை எட்டிய கணக்கு. 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்துக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்தார். டாப்ஸ் முக்கியக் கார்டு வருடத்துக்கு ஒன்றாக, 1955 முதல் அவர் இறந்த பின் வந்த 1973 வரை, மொத்தம் 19. ஆல்பத்தில் இரண்டே தாளும் ஒரு கார்டும்.

இந்தப் பத்தொன்பதை வரிசையாக அடுக்கினால் ஒரு விஷயம் கண்ணில் படும். 1955இலும் 1956இலும் ராபர்ட்டோ. 1957 முதல் 1969 வரை "பாப்" கிளெமென்டே. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனாலும் பதிமூன்று வருடம் கார்டில் அதுதான். 1970இல்தான் ராபர்ட்டோ திரும்பி வந்தார். அலுவலகத்தில் என் பெயரையும் முதல் வாரத்திலேயே இரண்டு எழுத்தாக வெட்டிவிட்டார்கள் என்பதால் எனக்கு இந்த வரிசை வேறு மாதிரி பேசுகிறது. செட் சேர்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இதில் சுவர் வாசலிலேயே நிற்கிறது. 1955 ரூக்கி கார்டு அடிபட்ட நிலையிலேயே ஆயிரம் டாலரைத் தொடும். நல்ல நிலையில் பல ஆயிரம். அடுத்த முள் 1963, 540ஆம் எண். கடைசித் தொடரில் மாட்டிக்கொண்ட கார்டு. மற்ற பதினேழும் பொறுமைக்குக் கட்டுப்படும். அந்த விலை வேண்டாம் என்றால் அதே அணியில் பில் மாசெரோஸ்கியைப் பிடிக்கலாம். 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தவர். 1957இல் தொடங்கும் அவர் வரிசை கிளெமென்டே விலையில் ஒரு துளிதான். அந்தப் பந்து தாண்டிப்போன ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் மதில் துண்டு இந்த ஊரின் ஓக்லாந்து பகுதியில் இன்னும் நிற்கிறது; கார்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பேப் ரூத், மேண்டில் மாதிரி ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வங்கிக் கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒரே அணி என்பது நான்காவது வழி. 1955இல் பட்டம் வென்ற புரூக்ளின் டாட்ஜர்ஸ், 1960 பைரேட்ஸ் என்று ஓர் அணியின் ஓர் ஆண்டை எடுத்தால் முப்பது நாற்பது கார்டில் முடிந்துவிடும். பழகிப் பார்க்க நல்லது. யாங்கீஸ் மட்டும் வேண்டாம், மேண்டில் வரி கட்ட வேண்டியிருக்கும்.

ரூக்கி கார்டு மட்டும், அல்லது கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள் மட்டும் என்று போகிறவர்களும் உண்டு. எனக்கு இதில் ருசி இல்லை. பீட் ரோஸின் 1963 ரூக்கி கார்டில் தபால்தலை அளவில் நான்கு தலைகள். அதில் ஒன்று அவர். அதற்குக் கொடுக்கும் பணத்தில் 1956 செட்டில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். பங்குச்சந்தை பார்க்கிறவருக்குப் பொருந்தும் வழி.

ஒரு வருடமும் வேண்டாம், ஒரு ஆளும் வேண்டாம், எல்லாவற்றிலும் ஒன்று போதும் என்பவர்களுக்காக மாதிரிச் சேகரிப்பு இருக்கிறது. ஒவ்வொரு செட்டிலிருந்தும் ஒரே ஒரு கார்டு, யாராக இருந்தாலும் பரவாயில்லை. 1887 வாக்கில் வந்த ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் கார்டில், ஸ்டூடியோவுக்குள் கயிற்றில் பந்தைத் தொங்கவிட்டு, பிடிப்பதுபோல் நிற்கவைத்துப் படம் எடுத்திருப்பார்கள். 1914 கிராக்கர் ஜாக் கார்டுகள் இனிப்புச் சோளப்பொரிப் பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் பாகுக் கறையோடு வரும். 1915இல் கூப்பன் அனுப்பினால் முழுச் செட்டும் தபாலில் வந்தது, அதனால் அந்த வருடக் கார்டுகள் சுத்தமாக இருக்கும். பாஸ்டனின் கவுடி சூயிங்கம் கம்பெனி 1933இல் 106ஆம் எண் கார்டை வெளியிடவே இல்லை. பிள்ளைகள் எண் கிடைக்கும் கிடைக்கும் என்று வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார் எழுதியவர்களுக்கு மட்டும் 1934இல் நாப் லாஜோய் படத்தோடு அதை அனுப்பிவைத்தார்கள். இப்படி ஒவ்வொரு தாளிலும் ஒரு கதை. இந்த வழியில் சுவரே இல்லை. முடிவும் இல்லை என்பதுதான் குறை. "முடிச்சுட்டேன்" என்று ஒருநாளும் சொல்ல முடியாது. அச்சுத்தொழிலில் ஆர்வம் உள்ளவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

எந்த வழியானாலும் நிலை என்ன என்ற கேள்வி வரும். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற கம்பெனிகள் ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகின்றன. எட்டும் ஒன்பதும் பணக்காரர்களுக்கு. இரண்டு, மூன்று மதிப்பெண் கார்டுகளில் முகம் தெளிவாகத்தான் இருக்கும். ஒரு பையன் கையாண்டிருக்கிறான் என்ற அடையாளம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மடிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஓரம் வெட்டியதை ஏற்காதீர்கள். தேய்ந்த ஓரத்தை வெட்டிப் புதிதாகக் காட்டுவது பழைய தந்திரம். பிஎஸ்ஏ முதன்முதலில் மதிப்பிட்ட கார்டே ஒரு வாக்னர்தான். அது ஓரம் வெட்டப்பட்டது என்று அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். எனக்கும் ஒரு சந்தையில் நடந்தது. வீட்டில் ஆல்பத்தில் செருகியபோதுதான் பக்கத்துக் கார்டைவிடக் குட்டையாக இருப்பது தெரிந்தது. அதிலிருந்து சட்டைப்பையில் ஆறு அங்குல ஸ்கேல் இல்லாமல் போவதில்லை. 1952 முதல் 1956 வரை டாப்ஸ் 2⅝ x 3¾ அங்குலம். 1957 முதல் 2½ x 3½. உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டுபோங்கள். டி206 மறுஅச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது.

இதையெல்லாம் கேட்ட தம்பி ஒரு கேள்வி போட்டார். "அண்ணா, டி206ல கறுப்பின வீரர் ஒருத்தர்கூட இல்லையா?"

இல்லை. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளினுக்காகக் களமிறங்கும்வரை பெரிய லீக்கில் அவர்களை அரை நூற்றாண்டுக்கு மேல் சேர்க்கவே இல்லை. சூயிங்கம் கம்பெனிகளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் நீக்ரோ லீக் என்ற தனி அமைப்புகளில் ஆடினார்கள். அதில் பெரிய அணிகளான ஹோம்ஸ்டெட் கிரேஸும் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸும் இந்த ஊர்தான். தம்பி அங்கேயே முடிவு செய்துவிட்டார்: நீக்ரோ லீக்கில் ஆடி, பின்பு பெரிய லீக்குக்கு வந்தவர்கள், ஆளுக்கு ஒரு கார்டு. நான் பட்டியலில் வைத்திராத வழி. யோசித்துப் பார்த்தால் மாதம் நூறு டாலருக்கு இதுதான் கச்சிதம். ராபின்சன், மேஸ், ஆரன் விலை கேட்பார்கள். ஆனால் எந்த வருடக் கார்டானாலும் சரி என்பதால் மலிவான வருடத்துக்குக் காத்திருக்கலாம். சாட்சல் பேஜின் 1953 டாப்ஸ் கார்டில் அவர் பெயரையே எழுத்துப் பிழையோடு அச்சடித்திருக்கிறார்கள். லாரி டோபி, மான்டி இர்வின், சாம் ஜெத்ரோ, ஜோ பிளாக், ஹேங்க் தாம்சன் போன்றவர்கள் அடிபட்ட நிலையில் கைக்கு எட்டும் விலையில் வருகிறார்கள்.

இந்த வழியின் சுவர் ஜாஷ் கிப்சன். பந்தை அவர்போல் அடித்தவர் இல்லை என்று சொல்லப்பட்ட கேட்சர், அதாவது பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில் இறந்துபோனார். இந்த ஊரின் லாரன்ஸ்வில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். பெரிய லீக்குக்கு வரவே இல்லை என்பதால் தம்பியின் விதிப்படி அவருக்கு இடம் கிடையாது. "அவரை எப்படி விடுறது?" என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் இறந்த பிறகு போர்ட்டோ ரிக்கோவில் வந்த கார்டு ஒன்று உண்டு. அதன் விலையை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் கார்டு வாங்கிவிட்டார். பால்டிமோர் எலைட் ஜயன்ட்ஸிலிருந்து புரூக்ளினுக்கு வந்த ஜிம் கில்லியம், 1956 டாப்ஸ், நடுவில் ஒரு மடிப்பு. அது என்னிடமும் இல்லாத கார்டு. சந்தையில் முதலில் பார்த்தது நான்தான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தரமாட்டேன் என்கிறார்.